மிச்சக் கயிறு

மார்ச் 4

தம்பிக்கு,

கையில் போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. அது முழுக்க அப்பா காதில் விழுகிறது. அவருக்குப் பேச்சுதான் போயிற்று. காது பாம்புக் காது. செய்தி தட்டி அனுப்பலாம். அனுப்பினால் நீ ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டு முடித்துக்கொள்வாய். கடிதத்துக்குக் கட்டைவிரல் போட முடியாது. உட்கார்ந்து எழுதித்தான் ஆக வேண்டும்.

அப்பா பேசினார்.

குதிக்காதே. முழுக்கப் படி.

போன வாரம் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து நான் வந்தபோது அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பகலில் பார்த்துக்கொள்ளும் ஆயா, "இன்னைக்கு ரெண்டு வாய்க்கு மேல உள்ள போகலைம்மா" என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு போனாள். டிவியில் செய்தி போட்டேன், பாட்டு போட்டேன், பந்து விளையாட்டு போட்டேன். எல்லாவற்றுக்கும் இடது கையை ஆட்டி வேண்டாம் என்றார். நீ வந்திருந்தபோது மேஜை டிராயரில் விட்டுப்போன பென் டிரைவ் கண்ணில் பட்டது. அதைச் செருகினேன். நம்முடைய மலைப்படம் அதில் இருந்தது. அதேதான். கறுப்பு வெள்ளை, மூடுபனி, தொப்பிக்காரன், சும்மா சும்மா கத்துகிற அந்தக் கதாநாயகி அலறி, சாமான் சுமக்கும் ஏழு கூலிகள். ஏழாவது ஆளின் முதுகில் திமில் மாதிரி ஒரு மூட்டை இருக்குமே, ஒட்டகம் என்று நாம் பெயர் வைத்தோமே, அவனும்தான்.

பெயரெழுத்து ஓடும்போதே அப்பா இந்தப் பக்கம் திரும்பினார். ஆற்றைத் தாண்டும்போது எழுந்து உட்கார முயன்றார். நான் தலையணை வைத்துச் சாய்த்தேன். மலை விளிம்பில் ஒட்டகம் கயிற்றில் தொங்கும் இடம் வந்தது. அப்பா இடது கையை நீட்டிக்கொண்டு கத்தினார்:

"டேய் ஒட்டகம்! விடாதடா! பிடிச்சுக்கோ, பிடிச்சுக்கோ!"

குழறல் இல்லை. நம் பழைய அப்பாவின் குரல். ஜூலையில் பக்கவாதம் அடித்ததிலிருந்து "ம்" தவிர எதுவும் கேட்காத வீடு இது. என் கையிலிருந்த டம்ளர் விழுந்து உருண்டது. மாடி வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார். நான் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அந்த மனுஷன் பயந்தே போனார்.

இனிமேல்தான் கெட்ட செய்தி. கயிறு அறுந்து ஒட்டகம் விழுந்ததும் அப்பா அழ ஆரம்பித்தார். படம் முடிந்த பிறகும் அழுகை நிற்கவில்லை. எச்சில் தொண்டையில் அடைத்து முகம் நீலமாகப் போய்விட்டது. மறுநாள் அவரே டிவியைக் கைகாட்டினார். போட்டேன். அதே கத்தல், அதே அழுகை. அன்றிலிருந்து தினமும். ஒருநாள் போடாமல் இருந்து பார்த்தேன். கட்டில் கம்பியில் கையை ஓங்கி ஓங்கி அடித்து விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்துவிட்டது.

டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு, "அவர் கேக்கறதைக் கொடுங்க, ஆனா உணர்ச்சிவசப்பட விடாதீங்க" என்றார். "அது எந்தக் கடையில கிடைக்கும் டாக்டர்?" என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

படத்தை வெட்டி ஒட்டுவதுதானே உன் பிழைப்பு? அந்த இடத்தை வெட்டி அனுப்பு. ஒட்டகம் தொங்கவும் வேண்டாம், விழவும் வேண்டாம்.

படம் ஓடும் நேரத்தில்தான் இதை எழுதுகிறேன். எனக்குக் கிடைக்கிற ஓய்வு அவ்வளவுதான். ஆற்றைத் தாண்டிவிட்டார்கள். பனி இறங்குகிறது. நான் போய் அவர் பக்கத்தில் உட்கார வேண்டும்.

அக்கா

*

மார்ச் 15

அக்கா,

உன் கடிதத்தை அலுவலகத்தில் படித்தேன். "அப்பா பேசினார்" என்ற வரியோடு மடித்து வைத்துவிட்டு வெளியே போய் ஒரு டீ குடித்தேன். மிச்சத்தை அப்புறம்தான் படித்தேன். அப்படியே நிறுத்தியிருக்கலாம்.

வெட்டுவது பெரிய வேலை இல்லை. இங்கே நான் தினமும் செய்வது அதுதான். பழைய படங்களை எடுத்து, விளம்பரங்களுக்கு இடம் விட்டு, டிவி நேரத்துக்குள் அடக்குகிறேன். யாரும் கண்டுபிடிக்காதபடி வெட்டினால் நல்ல வேலைக்காரன். ஆனால் இந்தப் படத்தில் கை வைக்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன். உனக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றலாம்.

நமக்கு அந்தப் படம் அப்பா சொன்ன கதைதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கையில் இருக்கும் ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொரு ஆளாகக் காட்டி, அவர்கள் பேசும் இங்கிலீஷை நமக்குத் தமிழில் சொல்வார். லிஃப்ட் கம்பெனிப் புத்தகத்தில் இருக்கும் அளவுக்குத்தான் அவருக்கு இங்கிலீஷ் தெரியும். அது நமக்குத் தெரியாது. கயிறு அறுந்து ஒட்டகம் விழுந்ததும் தொப்பிக்காரன் கயிற்றை மேலே இழுத்துச் சுருட்டிக்கொண்டே ஏதோ சொல்வான். அப்பா என்ன சொல்வார்? "கீழ ஒரு மரம் இருக்காம். அதுல தொத்திக்கிட்டானாம். பின்னாடி வர்றானாம்." நீ உடனே, "அப்புறம் ஏம்பா வரவே இல்ல?" என்பாய். "படம் முடிஞ்சப்புறம் வருவான். மரத்துலருந்து இறங்க நேரமாகாதா?"

ஹாஸ்டலில் இருந்தபோது ஒருநாள் அதே படத்தை வசனம் எழுத்தில் ஓட மறுபடி பார்த்தேன். தொப்பிக்காரன் உண்மையில் சொல்வது இதுதான்: "மிச்சக் கயிறு நமக்குப் போதும்."

அவ்வளவுதான், அக்கா. ஒரு ஆள் செத்ததற்கு அந்தப் படத்தில் கிடைக்கும் மரியாதை அந்த ஒரு வரி. அடுத்த காட்சியில் அலறியின் தொப்பி காற்றில் பறந்துபோகிறது. அதற்கு எல்லாரும் அரைமணி வருத்தப்படுகிறார்கள். கூலிகளில் பாதிப் பேர் மூஞ்சியில் மை பூசிக்கொண்ட வெள்ளைக்காரர்கள். நிஜமாகவே நம் நிறத்தில், நம் சாயலில் இருப்பவன் ஒட்டகம் ஒருவன்தான். தொழில் முறையில் தேடிப் பார்த்துவிட்டேன். நடித்தவர்கள் பட்டியலில் அவன் பெயரே இல்லை. என் பக்கத்துக் கட்டில் பையன்கள் அவன் விழும்போது விசில் அடித்தார்கள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

ஆனால் இந்தத் தொழிலுக்கு நான் வந்ததே அந்தப் படத்தால்தான். மூடுபனி விலகி மலைமுகட்டில் ஏழு பேரும் வரிசையாக நடந்து போகிற அந்த ஒரு காட்சியை எத்தனை தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருப்பேன். இங்கே வேலைக்குச் சேர்ந்த அன்று, உனக்குப் பிடித்த காட்சி எது என்று கேட்டார்கள். யோசிக்காமல் அதைத்தான் சொன்னேன். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்தப் படத்தைக் கண்டால் எரிகிறது. போட்டால் கடைசிவரை பார்க்காமல் எழுந்திருக்க முடிவதில்லை.

இன்னொரு விஷயம். வாழ்நாள் முழுக்க அப்பாவுக்கு வேலை லிஃப்ட் கயிற்றோடுதான். அவரோடு வேலை பார்த்த யாராவது லிஃப்ட் குழிக்குள் விழுந்திருக்கிறார்களா? அதை நம்மிடம் சொல்லாமல் வைத்திருந்தாரா? கடைசிவரை அவர்கூட லிஃப்ட் வேலை பார்த்தவர் ஆயில் மாமாதானே, அவரைக் கேட்டுப் பார்.

முதியோர் இல்லத்தில் சேர்க்கலாம் என்று நான் சொன்னது அவரைத் தள்ளிவிட அல்ல. நீ தேய்ந்துகொண்டிருப்பதைப் பார்த்துத்தான் சொன்னேன். என் வேலை அனுமதித் தாள்கள் புதுப்பிக்கப் போயிருக்கின்றன. அவை வராமல் இந்த நாட்டைவிட்டுக் கிளம்பினால் திரும்பி உள்ளே விடமாட்டார்கள். இதை நீ நம்பவில்லை என்று தெரியும்.

தம்பி

*

மார்ச் 24

தம்பிக்கு,

நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். ஒரு பக்கம்கூட நான் கேட்டதற்குப் பதில் இல்லை. இங்கே வீடு பற்றி எரிகிறது, நீ அங்கே புகையின் நிறத்தைப் பற்றி எழுதுகிறாய்.

ஆயில் மாமா வந்திருந்தார். நீ சொன்னபடி கேட்டேன். மனுஷன் எழுந்தே நின்றுவிட்டார்.

"விழறதா? உங்கப்பன் இருந்தவரைக்கும் ஒருத்தனுக்கு விரல்கூட நசுங்கலம்மா. இன்னொருத்தன் செக் பண்ணின கயித்தை மறுபடி அவனே செக் பண்ணுவான். அப்புறம் செக் பண்ணினவனையும் செக் பண்ணுவான். நாங்க சாபம் விடுவோம். சாப்பிட விடமாட்டான், பாவி."

"அப்ப ஏன் மாமா இந்தக் கூலிக்காக இப்படி அழறார்?"

"அவன் விழறான்ல? அதான் அழறான்."

அவ்வளவுதான். உள்ளே பூட்டிவைத்த ரகசியம் ஒன்றும் கிடையாது. உனக்கு ஏமாற்றமாக இருந்தால் நான் என்ன செய்ய?

மாமாவும் உட்கார்ந்து படம் பார்த்தார். கயிறு வரும் இடத்தில் அப்பா கத்த ஆரம்பித்ததும் மாமாவும் சேர்ந்துகொண்டார். "கல்லு முனையில வெறுங்கயித்தைப் போடறான் பாரு, மடையன்! கீழ ஒரு சாக்கு மடிச்சு வைக்கமாட்டியா? முடிச்சு எவன்டா போட்டது? அவனைத் தொங்கவிடணும் முதல்ல!" இரண்டு பேரும் டிவியைப் பார்த்துக் கத்துகிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கயிறு அறுந்ததும் மாமா வாயை மூடிக்கொண்டார். அப்பா அழுவதை அவரால் பார்க்க முடியவில்லை. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அடுத்த நாள் வந்து மாற்றிக்கொண்டு போனார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரம் இரண்டு நாள் ஒரு பெண் வருகிறாளே, அவள் வேறு மாதிரிச் சொல்கிறாள். "நிறுத்திடாதீங்க அக்கா. திட்டறது, பாடறது, பதறிக் கத்தறது, இதெல்லாம் மூளையில வேற வழியா வரும். நமக்குன்னு திறந்திருக்கிறது அந்த ஒரு வழிதான். அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் மத்ததை இழுக்கணும்." போன செவ்வாய்க்கிழமை படம் முடிந்த கையோடு அவர் கையில் ஸ்பூனைக் கொடுத்து, "இதை என்ன பண்ணணும்பா?" என்று கேட்டாள். "பிடிச்சுக்கோ" என்றார். மெதுவாகத்தான். ஆனால் சொன்னார்.

டாக்டர் அழவிடாதே என்கிறார், இவள் நிறுத்தாதே என்கிறாள். இரண்டு பேரும் படித்தவர்கள். இரண்டு பேரும் சாயந்திரம் அவரவர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். தினமும் ஒரு சாவு விழுகிற வீடு மாதிரி இருக்கிறது இது. அவர் முகம் நீலமாகும்போது முதுகைத் தட்டுவது நான்தான். கடையில் நேற்று ஒரு பெரியவருக்கு இடது கண் லென்சை வலது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன். பதினாறு வருஷத்தில் இப்படிச் செய்ததே இல்லை.

எனக்கு அவர் பேச வேண்டும் என்ற ஆசை இல்லையா? இருக்கிறது. ஆனால் அந்த அழுகையைத் தாங்க இனி எனக்குத் தெம்பு இல்லை. வெட்டு, அனுப்பு.

இல்லத்தைப் பற்றி இன்னொரு தரம் எழுதாதே.

அக்கா

*

ஏப்ரல் 6

அக்கா,

இத்துடன் பென் டிரைவ் அனுப்புகிறேன்.

வெறுமனே வெட்டவில்லை. வெட்டிப் பார்த்தேன், சரியாக வரவில்லை. அந்த இடத்தை எடுத்துவிட்டால் ஏழு பேர் பனிக்குள் போகிறார்கள், ஆறு பேர் வெளியே வருகிறார்கள். அப்பா எண்ணுவார். எண்ணாமல் விடுகிற ஆளா அவர்? ஏழாவது ஆள் எங்கே என்று கட்டில் கம்பியை உடைப்பார். அதனால் ஒட்டகத்தைக் காப்பாற்றிவிட்டேன்.

எப்படி என்று சொல்கிறேன், நீயும் கவனித்துப் பார். கயிறு கல்லில் உரசி நைகிற இடத்தை அப்படியே வைத்திருக்கிறேன். அது இல்லாவிட்டால் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். அறுகிற இடத்தை எடுத்துவிட்டேன். அவன் பனிக்குள் விழுகிற காட்சியைப் பின்னோக்கி ஓட்டினேன். என்ன ஆகிறது தெரியுமா? பனிக்குள்ளிருந்து ஒருவன் மேலே வருகிறான். விழும்போது காற்றில் அலைந்த கை, திருப்பி ஓட்டினால் கயிற்றைத் தேடிப் பிடிக்கிற கையாக இருக்கிறது. பனி தப்பான திசையில் நகர்கிறது. அதை என்னைப் போன்றவர்கள்தான் கவனிப்பார்கள். தொப்பிக்காரன் கயிற்றைச் சுருட்டும்போது அவன் பேச்சை எடுத்துவிட்டு இசையை நீட்டியிருக்கிறேன். ஆளைத் தூக்கிவிட்டுக் கயிற்றைச் சுருட்டுகிற மாதிரி, நல்ல மனுஷனாகத் தெரிகிறான். அடுத்ததாக மலைமுகட்டில் ஏழு பேரும் நடக்கிற அந்தக் காட்சியை ஆரம்பத்திலிருந்து எடுத்து இங்கே வைத்தேன். கடைசியில், படம் முடியும் முன்னால், ஆற்றில் அவன் குனிந்து முகம் கழுவிவிட்டு நிமிர்வது. அதுவும் முன்னால் எங்கோ வருவதுதான். எல்லாரும் போன பிறகு அவன் மட்டும் பின்னாடி வந்து சேர்ந்த மாதிரி இருக்கிறது.

அலுவலகம் முடிந்த பிறகு தினமும் உட்கார்ந்து செய்தேன். செய்துகொண்டிருக்கும்போது எனக்கே ஒரு வெறி வந்துவிட்டது. இத்தனை வருஷமாக அந்தப் படத்தின்மேல் இருந்த கோபத்தையெல்லாம் கை வழியாகத் தீர்த்துக்கொண்ட மாதிரி. முடித்துவிட்டு முழுக்க ஓட்டிப் பார்த்தேன். மேலதிகாரி எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தப் படம் இப்படி முடியாதே?" என்றார். "எங்க வீட்ல இப்படித்தான் சார் முடியும்" என்றேன்.

பழையதை அழித்துவிடு. இரண்டும் இருந்தால் ஆயா மாற்றிப் போட்டுவிடுவாள்.

தம்பி

*

ஏப்ரல் 17

தம்பிக்கு,

நீ நன்றாயிருக்க வேண்டும்.

போட்டேன். கயிறு வந்தது. அப்பா வழக்கம்போல முன்னால் சாய்ந்தார், கையை நீட்டினார், வாயைத் திறந்தார். ஒட்டகம் பனிக்குள்ளிருந்து மேலே வந்தான். அப்பாவின் வாய் திறந்தபடியே இருந்தது. ஏழு பேரும் நடந்து போனார்கள். அவர் விரலால் ஒன்று, இரண்டு என்று எண்ணினார், நீ சொன்ன மாதிரியே. ஆறாவது விரலுக்கு வலது கை வேண்டுமே, அது எழும்பவில்லை. என் விரலைப் பிடித்துக்கொண்டார். என் இரண்டு விரலையும் சேர்த்து எண்ணி முடித்தார்.

கடைசியில் ஒட்டகம் முகம் கழுவி நிமிர்ந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணி, சிரிப்பு. 'நான் அப்பவே சொல்லல?' என்கிற சிரிப்பு. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது பார்த்த சிரிப்பு அது. என்னை நம்பு, எனக்கே ஒட்டகம் பிழைத்துவிட்டான் என்று ஒரு நிமிஷம் இருந்தது.

அழவில்லை. கஞ்சி முழுக்கக் குடித்தார். பிரஷர் இறங்கியிருக்கிறது. டாக்டர் என் தோளைத் தட்டினார். நான் இந்த வாரம் முழுக்கத் தூங்கினேன். ஆயா, "உங்க மூஞ்சி வேற மாதிரி இருக்கு" என்கிறாள்.

பழையதை அழித்துவிட்டேன்.

நான் உன்னைப் பேசியதெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதே. தாள்கள் வந்தனவா?

அக்கா

*

மே 2

தம்பிக்கு,

உன் பதில் வருவதற்குள் இதை எழுதுகிறேன்.

அவர் பேசுவதில்லை.

முதலில் நான் கவனிக்கவில்லை. வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் சொக்கிப்போய்விட்டேன். பேச்சுப் பயிற்சிப் பெண் ஊரில் இல்லை. போன வாரம்தான் வந்தாள். படம் ஓடியது, கயிறு வந்தது, அவள் நோட்டும் பேனாவுமாகக் காத்திருந்தாள். அப்பா சாய்ந்து உட்கார்ந்து, கையைக் கட்டாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒட்டகம் மேலே வந்தான். அப்பா தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.

"ஏன்க்கா கத்தலை?" என்றாள்.

சொன்னேன். என் தம்பி அவனைக் காப்பாற்றிவிட்டான் என்றேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். பேனாவை மூடி வைத்தாள்.

ஸ்பூனைக் கொடுத்துப் பார்த்தாள். வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டார். கண்ணாடி டம்ளரைக் கைநழுவ விடுவது போலக் காட்டினாள். பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கென்ன வந்தது என்பது போல. இப்போது "ம்" கூடக் குறைந்துவிட்டது. எதையும் கேட்பதில்லை, எதற்கும் மறுப்பதில்லை. கம்பியை அடிப்பதில்லை. யாரோ ஒரு சாதுவான மனுஷனைக் கொண்டுவந்து அப்பா கட்டிலில் போட்ட மாதிரி இருக்கிறது.

"அவருக்குக் கத்த ஒரு காரணம் இருந்துச்சு" என்றாள் அந்தப் பெண். குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன்.

நான் கேட்டேன், நீ செய்தாய். நான் வெட்டு என்றதை நீ வெட்டினாய், நீ அழி என்றதை நான் அழித்தேன். யாரைக் கோபித்துக்கொள்வது?

பழைய படத்தை அனுப்பு. அவன் விழட்டும். இவர் அழட்டும். முதுகைத் தட்ட நான் இருக்கிறேன்.

அக்கா

*

மே 11

அக்கா,

அனுப்பியிருக்கிறேன். அசல் படம், கை படாதது. என்னுடையதும் பக்கத்திலேயே இருக்கிறது. பெயர் மாற்றாமல் விட்டுவிட்டேன். மேலே இருப்பது அசல்.

உன் கடிதம் வந்த அன்று தாள்கள் விஷயமாகக் குடியேற்ற அலுவலகத்துக்குப் போயிருந்தேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவர், "பரிசீலனையில இருக்கு" என்றார். எவ்வளவு நாள் என்று கேட்டேன். "வந்தா சொல்வோம்." அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றேன். டாக்டர் சீட்டு இருக்கிறதா என்றார். நீ அனுப்பியதைக் கொடுத்தேன். அதில் நோயாளி நிலை 'அமைதியாக உள்ளார், முன்னேற்றம்' என்று உன் டாக்டர் எழுதியிருக்கிறார். அதைத் தடுப்பில் ஒட்டிக் காட்டி, "நல்லாத்தானே இருக்கார்?" என்றார். அமைதியாக இருக்கிறார், அதுதான் சார் கஷ்டம் என்றால் அந்த மனுஷனுக்குப் புரியுமா?

நேற்று நான் செய்ததை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். வேலை சுத்தமாகத்தான் இருக்கிறது. ஒரு இடத்தில்கூட ஒட்டுத் தெரியவில்லை. தொப்பிக்காரன்தான் இப்போது எனக்குப் பொறுக்கவில்லை. அவனை நல்லவனாக ஆக்கிவிட்டேன். அசலில் ஒரு மனுஷன் செத்தது நமக்காவது தெரிந்தது. அப்பாவுக்குத் தெரிந்தது. உலகத்தில் அந்தக் கூலிக்காக அழுத ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார். அந்த ஒருவரையும் நான் நிறுத்திவிட்டேன்.

அசலைப் போட்டதும் குரல் வந்தால் உடனே போன் பண்ணு. என்ன நேரமானாலும் சரி. சண்டை போடமாட்டேன்.

தம்பி

*

மே 23

தம்பிக்கு,

போன் பண்ணவில்லை என்பதிலிருந்தே உனக்குத் தெரிந்திருக்கும்.

பேச்சுப் பயிற்சிப் பெண், ஆயில் மாமா, நான், மூன்று பேரும் இருந்தோம். மாமா புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார், எதற்கென்று தெரியவில்லை. அசலைத்தான் போட்டேன். கயிறு உரச ஆரம்பித்ததும் மாமாவுக்குத் தாங்கவில்லை, "டேய், கயிறுடா!" என்று அப்பா காதருகே கத்தினார். அப்பா அவரைப் பார்த்துக் கையமர்த்தினார். பொறு, பதறாதே என்று.

கயிறு அறுந்தது. ஒட்டகம் விழுந்தான். நான் அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சலனமும் இல்லை. தொப்பிக்காரன் மிச்சக் கயிற்றைச் சுருட்டினான், அந்த வரியைச் சொன்னான். அப்பா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். மலைமுகடு வரவில்லை. அலறியின் தொப்பி பறந்தது. அப்பா தலையைச் சற்றுச் சாய்த்தார், பஸ் இன்னும் வரவில்லையே என்று பார்ப்பார்களே, அது மாதிரி. அவருக்கு அவன் விழவில்லை, தம்பி. பனிக்குள் போயிருக்கிறான். வருவான்.

படம் முடிந்தது. ஆறும் வரவில்லை, முகம் கழுவுகிறவனும் வரவில்லை. நான் டிவியை அணைக்கப் போனேன். இடது கையை உயர்த்தி, இரு என்றார். உட்கார்ந்தேன். மாமா போய்விட்டார். அந்தப் பெண்ணும் போய்விட்டாள். போகும்போது, "திரும்ப வரலாம்க்கா, சொல்ல முடியாது" என்றாள். எது வரலாம் என்று நான் கேட்கவில்லை.

ஒரு வாரமாக இப்படித்தான். அசலைப் போட்டால் முடிந்த பிறகும் அணைக்க விடாமல் காத்திருக்கிறார். உன்னுடையதைப் போட்டால் சிரித்துவிட்டுத் தூங்குகிறார். இரண்டிலும் குரல் இல்லை. நாளைக்கு எதைப் போடட்டும்? நீ சொல். டாக்டரைக் கேட்டேன், "உங்க இஷ்டம்" என்றார்.

இப்போது இதை அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஓய்வு நேரம் நிறைய இருக்கிறது. இன்றைக்கு அசல். படம் முடிந்து வெகுநேரம் ஆகிவிட்டது. திரையில் உன் இரண்டு படங்களின் பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன, வேறு ஒன்றும் இல்லை. அவர் அதையே பார்க்கிறார். சற்று முன் என் கையைத் தட்டி, திரையைக் காட்டி, புருவத்தை உயர்த்திக் கேட்டார். சின்ன வயதில் நான் அவரைக் கேட்ட அதே கேள்வி.

"வர்றான்பா" என்றேன். "மரத்துலருந்து இறங்க நேரமாகாதா?"

தலையை ஆட்டினார். நான் டிவியை அணைக்கவில்லை.

அக்கா